சேதத்துக்கான விளக்கம்

அன்று முற்பகல் கொழும்பில், கனேடிய உயர்ஸ்தானிகராலயக் காத்திருப்பு அறையில் இருந்தவர்கள்: யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி ஒன்றின் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்க்கும் கலாரஞ்சினி, அவளுடைய ஒரே மகள், பதின்மூன்று வயதுக் கிருஷிகா, கலாரஞ்சினியின் தமையன் நகுலேஸ்வரன், அவருடைய மனைவி தேவமலர், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் டில்ஹானி என்று பெயரட்டை அணிந்த அலுவலர், கைப்பேசிகளை வாங்கித் தட்டில் அடுக்கிக்கொண்டு வாசலில் நின்ற காவலர் சுமதிபால. வேறு விண்ணப்பகாரர்களும் இருந்தார்கள். அவர்கள் தத்தம் காரியமாக வந்து போனவர்கள். இதில் அவர்களுக்குப் பங்கில்லை.

கலாரஞ்சினியின் கையில் முப்பத்தொன்று என்று அச்சிட்ட இலக்கத் துண்டு இருந்தது. சுவர்ப் பலகை இருபத்துநான்கு என்றது. மடியில் ஒரு தாள். மற்றவையெல்லாம் நிரப்பியாயிற்று. கிருஷிகாவின் தகப்பன் கேதீஸ்வரன் கனடாவின் ஸ்காபரோவிலிருந்து தன் சம்மதத்தைக் கையொப்பமிட்டு அனுப்பியிருந்தான்; பிறப்புச் சான்றிதழ் இருந்தது; காது தெரியும்படி, சிரிக்காமல் எடுத்த படங்கள் இரண்டு இருந்தன. எஞ்சியது இது ஒன்றுதான்: சேதமடைந்த கடவுச்சீட்டுக்கான விளக்கம். சேதம் எப்போது, எவ்வாறு, எவருடைய பொறுப்பில் இருக்கையில் நேர்ந்தது என்று கேட்டு, கீழே எட்டுக் கோடுகள். எட்டுக் கோடுகளில் எவ்வளவு சொல்லலாம் என்று அவள் முதலில் கணக்கிட்டாள். பிறகு, எவ்வளவு சொல்லாமல் விடலாம் என்று அந்தக் கணக்கு தானாகவே திரும்பிக்கொண்டதைக் கவனித்தாள். முதல் கோட்டில் திகதியை மட்டும் எழுதினாள். போன வெள்ளிக்கிழமை. அதற்கு மேல் பேனா நகரவில்லை. பேனாவில் மை இருந்தது, அறை குளிர்ந்திருந்தது, வெளிச்சம் போதுமாக இருந்தது. நகராததற்குப் பேனாவின் பக்கத்தில் காரணம் எதுவும் இல்லை.

“என்ன ரஞ்சி, யோசினை?” என்றார் நகுலேஸ்வரன். “நடந்ததை எழுதன். கோயிலிலை வைச்சது, சந்தனம் பட்டது, முடிஞ்சுது கதை. வெள்ளைக்காரனுக்குச் சந்தனம் எண்டா விளங்காட்டிச் சந்தனச் சோப் எண்டு எழுது.”

“சும்மா இருங்கோ அண்ணா.”

“நான் சும்மாதானே இருக்கிறன். போனையும் வாசல்லை பறிச்சுப்போட்டான். வேறை என்ன செய்யிறது?”

அவருக்கு மறுபுறம் இருந்த தேவமலர் சற்று முன்னால் குனிந்து, கணவனைத் தாண்டித் தணிந்த குரலில் சொன்னாள்: “என்ரை பேரைப் போடும் மச்சாள். நான்தானே கொண்டு போனனான். ஆக்கள் கேட்டால் நானே வந்து சொல்லுறன்.”

கலாரஞ்சினி தலையசைத்தாள். அது சம்மதமா, கேட்டுக்கொண்டதற்கான அடையாளமா என்பதை அவள் தனக்கே தெளிவாக்கிக்கொள்ளவில்லை. தேவமலரின் பெயரை எழுதுவது எளிது. எழுதினால் பொய்யாகவும் ஆகாது. ஒரு சொல்லும் பொய்யாக இராத எட்டு வரிகளை அவளால் இரண்டு நிமிடத்தில் எழுத முடியும்: உறவினர் ஒருவர் அறியாமையால், சமய வழக்கத்தின்படி, ஆவணத்தைக் கோயிலில் வைத்தார். அறியாமை என்ற சொல்லில் அவள் மனம் ஒரு கணம் தங்கியது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய தேவமலருக்கு அந்தச் சொல்லை யாரும் மறுக்காமல் கொடுத்துவிடலாம். அவளும் பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள். மூன்று நாட்களாக அவள் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள். கிருஷிகா அவளோடு பேசி மூன்று நாள். பிள்ளை தகப்பனிடம் புறப்பட்ட அன்று கட்டுநாயக்கா விமான நிலையத்தில், பெட்டிகள் தராசில் ஏறியபின், விமானக் கம்பனிப் பெண் கனேடியக் கடவுச்சீட்டின் ஒட்டிப்போன பக்கத்தை நகத்தால் மெல்லப் பிரித்தபோது, மேலிருந்த மெல்லிய உறையும் கூடவே எழுந்து வந்தது. கிருஷிகாவின் முகம் இருந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு மேகம். அடியில் இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் பாதி எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. அந்தப் பெண் கோபிக்கவில்லை. இதில் ஏற்ற முடியாது என்று மட்டும் சொன்னாள். அப்போது தேவமலர் கைப்பைக்குள்ளிருந்து இலங்கைக் கடவுச்சீட்டை எடுத்து நீட்டி, “இதிலை ஏத்துங்கோவன், இதுவும் பிள்ளையின்ரைதானே, இது வடிவாக் கிடக்கு” என்றாள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். அது உண்மையிலேயே வடிவாகக் கிடந்தது.

அது உதவாது என்பது கலாரஞ்சினிக்குத் தெரியும். விதி அவளுக்கு மனப்பாடம். இந்த நாட்டிலிருந்து வெளியேற இந்த நாட்டின் கடவுச்சீட்டு. அந்த நாட்டுக்குள் நுழைய அந்த நாட்டினுடையது. அந்த நாட்டுப் பிரசையாகப் பிறந்த பிள்ளை, இலங்கைப் பிள்ளையாக நடித்து விசாக் கேட்க முடியாது. பிரசைக்கு விசாக் கொடுக்க மாட்டார்கள். ஒன்று பழுதானால் மற்றது அதன் இடத்துக்கு வராது. இரண்டு கதவுகள், இரண்டு சாவிகள். கிருஷிகா ஸ்காபரோவில் பிறந்தவள். தாய் இலங்கைப் பிரசை என்பதால் இங்கும் பதிவு செய்யப்பட்டவள். அந்தப் பதிவுக்காக அலைந்தவள் கலாரஞ்சினியே. கேதீஸ்வரன் அப்போது கேட்டான்: “இருக்கிற நாடு காணாதே அவளுக்கு?” போதாது என்று அவள் நினைத்தாள். பிள்ளைக்கு ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது தன்னிடம் ஒன்றுதான் இருக்கிறது என்பது ஒரு குறையாகத் தோன்றவில்லை. அந்த நாட்டில் அவள் ஆறு ஆண்டுகள் இருந்தாள். அங்கே அவளுடைய ஆய்வுகூடத் தகைமை ஏற்கப்படவில்லை. ஒரு களஞ்சியத்தில் சலவைத்தூள் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டினாள். பிரசாவுரிமைக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்தபோது அவள் விண்ணப்பிக்கவில்லை. தன்னை யாரென்று ஒத்துக்கொள்ளாத இடத்தில் தன் பெயரை ஏன் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று கேட்டாள். ஐந்து வயதுப் பிள்ளையோடு திரும்பி வந்து, தன் வெள்ளை மேலங்கியை அணிந்து, தன் நுணுக்குக்காட்டியின் முன் உட்கார்ந்தாள். கேதீஸ்வரனோடு சண்டையில்லை. பேச்சு முடிந்துபோன வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து வருவதுபோல வந்தாள். எட்டு ஆண்டுகள் அது சரியான முடிவாகவே இருந்தது. அதை அவள் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இப்போது பிள்ளை போகப்போகிறாள், புரட்டாதி பிறக்குமுன் ஒன்பதாம் வகுப்புக்கு, தகப்பனிடம். அவளைப் பார்க்க வேண்டுமானால் கலாரஞ்சினி இதே கட்டடத்தின் வேறொரு வாசலில் நின்று, வேறொரு இலக்கத் துண்டை வாங்கி, தன் சம்பளத்தையும் காணியையும் காட்டி, திரும்பி வருவேன் என்று நம்ப வைக்க வேண்டும். பெற்றவளுக்கு மறுக்கலாம், பிறந்தவளுக்கு மறுக்க முடியாது. இதில் அநீதி எதுவும் இல்லை என்பதை அவள் பலமுறை சரிபார்த்திருக்கிறாள். ஒழுங்கான விதிதான். தான் இயற்றியிருந்தாலும் இப்படித்தான் இயற்றியிருப்பாள்.

பலகை இருபத்தேழு என்றது. ஒரு குழந்தை அழுதது, நிறுத்தியது. தேவமலர் சுருட்டி வைத்திருந்த பிஸ்கட் பக்கற்றைப் பிரித்து, “பிள்ளை, ஒண்டு கடியன். விடியவும் சாப்பிடேல்லை” என்று நீட்டினாள். கிருஷிகா சுவரிலிருந்த பனிமலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டிய கை சிறிது நேரம் அப்படியே நின்றது. நகுலேஸ்வரன் அந்தப் பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “வீணாக்கக் கூடாது” என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவர் சிரிப்பை எதிர்பார்க்கவும் இல்லை. விமான நிலையத்திலிருந்து வாடகை வான் வண்டியில் யாழ்ப்பாணம் திரும்பும்போது கிருஷிகா ஒரேயொரு கேள்வி கேட்டாள்: “மாமி, உங்களை ஆர் கேட்டது?” தேவமலர், “ஒருத்தரும் கேக்கேல்லை பிள்ளை” என்றாள். அவ்வளவுதான். அந்த வானுக்குள் கலாரஞ்சினி முன் இருக்கையில் இருந்தாள். பக்கக் கண்ணாடியில் பின்னால் வரும் வீதி சுருங்கிக்கொண்டே போனது. அவள் அப்போது சொல்லியிருக்கலாம். வீதியில் நீர்கொழும்பைத் தாண்டும்வரை சொல்வதற்கு நேரம் இருந்தது. பிறகு அனுராதபுரம், பிறகு வவுனியா, பிறகு கிளிநொச்சி; ஒவ்வொரு ஊரிலும் நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்தரை மணி. அவள் வேலையால் வந்து முகம் கழுவியிருந்தாள். தேவமலர் பிள்ளையார் கோயிலிலிருந்து வந்தாள். புது வாகனத்துக்கும், பரீட்சை அனுமதி அட்டைக்கும், கல்யாண அழைப்பிதழுக்கும் செய்வதை அவள் கடவுச்சீட்டுக்கும் செய்திருந்தாள். அவர்கள் தெருவில் வெளிநாடு போகும் எவருடைய கடவுச்சீட்டும் ஒருமுறை அந்த மூலஸ்தானத்துக்குள் போய் வராமல் விமானம் ஏறியதில்லை. வழக்கமாக வெளி அட்டையின் மூலையில் ஒரு பொட்டு. அது ஒன்றும் செய்யாது. ஆனால் தேவமலர், யாருக்காகக் கும்பிடுகிறோம் என்று பிள்ளையாருக்கு ஐயம் வரக்கூடாது என்று, படமிருந்த பக்கத்தைத் திறந்து தட்டில் வைத்திருக்கிறாள். ஐயர் பன்னீரில் குழைத்த சந்தனத்தை வழித்துப் படத்திலிருந்த நெற்றியில் வைத்தார், அதன்மேல் குங்குமம். சிரிக்காமல் படமெடுத்த பிள்ளை, நெற்றி நிறைய மங்கலத்தோடு வீட்டுக்கு வந்தாள். தேவமலர் அதை விரித்தபடியே இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள். “இந்தாரும் மச்சாள்” என்றாள். “இப்ப மூடாதையும். கொஞ்சம் காயட்டும்.”

இதுதான். இந்த இடத்தில்தான் மூன்று நாட்களாக எண்ணம் வந்து தட்டி நிற்கிறது. துணியில் மாட்டிய நகம்போல, இழுத்தால் நூல் வருகிறது, விட்டால் மாட்டியபடியே இருக்கிறது. அவள் கைகளில் அந்தப் புத்தகம் விரிந்திருந்தது. சந்தனத்தின் ஈரம் மினுங்கியது. அவளுடைய தொழில் இதுதான். ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, காயவிட்டு, சாயம் ஊற்றி, நீர் சேர்த்து, நிமிடங்களை எண்ணிக் கழுவுவது. சாயம் எப்போது மேலே மிதக்கிறது, எப்போது உள்ளே இறங்குகிறது, எந்த நிமிடத்துக்குப் பிறகு கழுவினாலும் போகாது என்பதை அவள் கண்ணே சொல்லும். ஈரமான இரண்டு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்த பயிலுநர் ஒருவனை அவள் ஒரு மாதம் கறைத்தொட்டி கழுவ வைத்திருக்கிறாள். அந்தக் கண்ணுக்கு, அந்தக் கைக்கு, இது தெரியாமல் இருக்க முடியாது. ஒரு துளி நீர் தொட்ட பஞ்சு போதும். மேசையில் பஞ்சு இருந்தது. அல்லது பஞ்சும் வேண்டாம், சும்மா மின்விசிறியின் கீழ் விரித்து வைத்திருந்தாலே போதும். அவள் மூடினாள். ஒரு கையால் மூடி, மற்றக் கையால் அழுத்தி, அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்தாள். அடியில் வைத்தது பாதுகாப்புக்காக. பாதுகாப்புக்காகத்தானா? நான்கு நாள் அலுமாரியைத் திறக்கும்போதெல்லாம் மேலே இருந்த சேலையைத்தான் எடுத்தாள். கீழே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரியுமென்று அவள் ஒருமுறைகூடச் சொற்களில் நினைக்கவில்லை. சொற்களில் நினையாத ஒன்றை ஒருவர் நினைத்ததாகக் கொள்ளலாமா? கொள்ளலாம் என்றே அவள் தீர்ப்பளித்தாள். ஆய்வுகூடத்தில், நான் கவனிக்கவில்லை என்பவனை அவள் மன்னித்ததில்லை. பிள்ளையிடம், “நீ போறதெண்டால் போ. நான் மறிக்கமாட்டன்” என்று ஆனி மாதத்திலேயே சொல்லிவிட்டாள், சொன்ன சொல்லைத் தவறியதில்லை என்ற பெயர் அவளுக்கு இருக்கிறது. வாய் மறிக்கவில்லை. கை மறித்தது.

பலகை இருபத்தொன்பது. இனி மறைப்பதால் என்ன நட்டம் என்று மனம் மறுபக்கத்தால் வந்தது. எழுதினால் தாள் கோப்பில் கிடக்கும். கேதீஸ்வரன் கேட்டால் காட்டுவார்களோ என்னவோ. பிள்ளையின் ஆவணத்தைத் தாயே பழுதாக்கினாள் என்று அங்கே ஒரு சட்டத்தரணி நீதிமன்றத்தில் வாசிக்கலாம். விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பு என்று அவள் கேட்கும் உரிமை அந்த ஒரு வரியில் தளர்ந்து போகலாம். அவளுடைய விசா விண்ணப்பத்தைப் பார்ப்பவர் இதையும் பார்க்கலாம். எழுதாவிட்டால் ஒன்றுமே நடக்காது. கிருஷிகா புதுக் கடவுச்சீட்டோடு போவாள். அடுத்த விடுமுறைக்கு வருவாள். மாமியோடு பேசமாட்டாள், அல்லது வளர்ந்து, சிரித்து, மாமியின் அறியாமையைத் தன் கூட்டாளிகளுக்குக் கதையாகச் சொல்வாள். தேவமலரும் அந்தக் கதைக்குள் அடங்கி இருப்பாள். ஏனென்றால் தேவமலருக்கு ஞாபகம் இருக்கிறது. மூடாதையும் என்று சொன்னது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. விமான நிலையத்தில் அந்தப் பக்கம் கிழிந்து எழுந்தபோது அவள் கிழிசலைப் பார்க்கவில்லை, கலாரஞ்சினியைப் பார்த்தாள்; ஒரு கணம்; பிறகு கண்ணைத் தாழ்த்தி மற்றக் கடவுச்சீட்டைப் பைக்குள் தேடத் தொடங்கினாள். மூன்று நாட்களாக அவள் அதைச் சொல்லவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அண்ணன் இப்படிப் பகிடி விட்டுக்கொண்டு இருக்கமாட்டார். கலாரஞ்சினியைக் குத்தியது மகளின் கோபம் அல்ல, போகப்போகும் பிள்ளையின் முகமும் அல்ல. அதுதான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு விருப்பமாக இருந்தது, ஆனால் அது அல்ல. பத்தாம் வகுப்புப் படித்த ஒருத்தி தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். தான் ஒருவருடைய இரக்கத்தின் கீழ் உட்கார்ந்திருக்கிறாள் என்பதுதான். இனி வரும் ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு திவசத்துக்கும் அந்த இரக்கம் எதிர்ப்பந்தியில் வந்து உட்கார்ந்து, மச்சாள் இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே என்று கேட்கும். உண்மைக்குப் போவதற்கு இது நல்ல வழி அல்ல என்பதையும் அவள் அறிந்தாள். ஆனாலும் வழி என்று பார்த்தால் இதுதான் இருந்தது.

அவள் எழுதினாள். ஆங்கிலத்தில், ஆய்வு அறிக்கை எழுதும் அதே நிமிர்ந்த எழுத்தில், அடித்தல் இல்லாமல். ஆவணம் ஆசிக்காகக் கோயிலில் வைக்கப்பட்டது. படமுள்ள பக்கத்தில் ஈரமான சந்தனமும் குங்குமமும் இருந்தன. காயும்வரை மூட வேண்டாம் என்று என் தமையனின் மனைவி திருமதி தேவமலர் கூறினார். நான் மூடினேன். மூடினால் ஒட்டிக்கொள்ளும் என்பது என் தொழிலால் எனக்குத் தெரியும். நான்கு நாட்கள் அதை அப்படியே விட்டேன். ஆவணம் என் பொறுப்பில் இருந்தது. ஏழு கோடுகளில் முடிந்துவிட்டது. எட்டாவதில் கையொப்பமிட்டாள்.

முப்பத்தொன்று வந்தது. நால்வரும் எழுந்தார்கள்; தாயும் மகளும் கண்ணாடியின் முன் போனார்கள், மற்ற இருவரும் ஒரு எட்டுப் பின்னால் நின்றார்கள். டில்ஹானி தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து விரைவாகச் சரிபார்த்தாள். இந்தத் தாளில் வேகம் நின்றது. ஒருமுறை வாசித்தாள். பிறகு மேலிருந்து இன்னொரு முறை.

“மிஸ்,” என்றாள் சிங்கள வாடை வீசும் தமிழில், “இது நீங்க வேணும்னு செஞ்சதா?”

“வேணுமெண்டு செய்தனானோ தெரியாது. தெரிஞ்சு செய்தனான்.”

“இப்படி எழுதினா இது கோப்புல இருக்கும். வேற தாள் வேணும்னா தர்றேன்.”

“வேண்டாம்.”

டில்ஹானி கோப்பைத் திறந்தாள். “சரி. புதுசு குடுக்கிறத இது நிப்பாட்டாது மிஸ். பிள்ளை அந்த நாட்டுப் பிரசை. அது பிள்ளையோட உரிமை. வழமையா பத்து வேலை நாள்.” பிறகு தாளைக் கண்ணாடியின் அடியில் இருந்த இடைவெளியால் திருப்பித் தள்ளினாள். “மகளும் வாசிச்சிட்டுக் கீழே சைன் பண்ணட்டும். சின்னப் பிள்ளை இல்லைதானே.”

கலாரஞ்சினி இதை எதிர்பார்க்கவில்லை. தாளை எடுத்து மகளிடம் கொடுத்தாள்; கொடுக்காமல் இருப்பதற்கு வழியொன்றும் இருக்கவில்லை. கிருஷிகா ஆங்கிலத்தை அவளைவிட விரைவாக வாசிப்பாள். அந்தக் கண்கள் இடமிருந்து வலமாக ஓடி, நான்காம் கோட்டில் நின்று, மேலே மூன்றாம் கோட்டுக்குத் திரும்பின. தாய் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. தாளைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். நடுங்கவில்லை. நல்ல கை, ஆய்வுகூடத்துக்கு ஏற்ற கை என்று தொடர்பில்லாமல் ஓர் எண்ணம் வந்து போயிற்று.

கிருஷிகா திரும்பினாள். மூன்று நாட்களுக்குப் பின் பேசினாள்.

“மாமி, நீங்கள் சொன்னீங்களோ, மூட வேண்டாம் எண்டு?”

தேவமலர் பிள்ளையைப் பார்க்கவில்லை. கலாரஞ்சினியைப் பார்த்தாள். விமான நிலையத்தில் பார்த்த அதே அளவு நேரம்.

“எனக்கு ஞாபகமில்லைப் பிள்ளை” என்றாள்.

“என்ன, என்ன எழுதிக் கிடக்கு?” என்றார் நகுலேஸ்வரன். “ஆர் ஆருக்கு என்ன சொன்னது?”

“சொன்னவா” என்றாள் கலாரஞ்சினி. “எனக்கு வடிவா ஞாபகம் இருக்கு. சொன்னவா.”

கிருஷிகா தாயின் பேனாவை எடுத்து, தாளைக் கண்ணாடியின் கீழிருந்த பலகையில் வைத்துக் கையொப்பமிட்டாள். தன் முழுப் பெயரையும், ஓர் எழுத்தும் குறையாமல், நிதானமாக எழுதினாள். தாளை டில்ஹானியின் பக்கம் தள்ளினாள். பேனாவை மூடித் தாயின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தாள். பிறகு தாயையும் மாமியையும் மாமாவையும் கடந்து, வரிசை நாற்காலிகளைக் கடந்து, சுமதிபால திறந்து பிடித்த கதவால் வெளியே போனாள்.